கோழி தின்ற மாத்திரை

மணியம்மாளின் வாயைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. பொன்னேரியிலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஆரணியாற்றை ஒட்டிய ஊர் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. பேச ஆள் கிடைக்காவிட்டால் கொல்லைக்குப் போய்க் கோழிகளோடு பேசுவாள். பதினோரு கோழிகள் இருந்தன. அதில் சேவலுக்குக் கணக்கப்புள்ள என்று பெயர் வைத்திருந்தாள். கழுத்தை நீட்டி நீட்டி ஊரில் உள்ள கொல்லை எல்லாவற்றையும் நோட்டம் பார்த்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வருமாம்.

அவள் புருஷன் பூவராகவன் இதற்கு நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை திரும்பி வரும், அதுவும் வயலிலிருந்து வந்து கால் கழுவிய பிறகு. இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டுமே தங்கவில்லை. "எனுக்கு அவரும் கோழியும்தான்" என்று மணியம்மாள் சொல்வாள். மூக்கைச் சிந்திக்கொண்டெல்லாம் சொல்ல மாட்டாள். உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது என்பதுபோலச் சொல்வாள்.

ஐம்பத்து நாலாம் வருஷம் சித்திரையில் பூவராகவன் படுத்துவிட்டான். முதலில் சாதாரண ஜுரம் என்று கஷாயம் போட்டார்கள். பிறகு மந்திரித்தார்கள். பத்தாம் நாள் அவன் பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டு, இல்லாத மாட்டை ஓட்ட ஆரம்பித்தான். பொன்னேரிக் கடைத்தெருவில் வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் துளசிராமனை ஜட்கா வண்டியில் அழைத்துவந்தார்கள். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், டைபாய்டு என்றார்.

"முன்னெல்லாம் இதுக்கு மருந்தே கிடையாது. இப்போ ஒரு மாத்திரை வந்திருக்கு. பட்டணத்துல தேடினா கிடைக்கும். ஆனா சாமானியமா வாங்க முடியாது" என்றார்.

பூவராகவனுக்கு ஒரு அண்ணன், குப்புராஜ். இருவருக்கும் பொதுவில் இருந்தது ஒரு ஜோடி உழவு மாடு. அதில் ஒன்றை அன்றைக்கே சந்தைக்கு ஓட்டிப்போய் விற்றான். பட்டணத்துக்கு ரயிலேறி, இரண்டு நாள் கடை கடையாக அலைந்து, நாலு சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டிலோடு வந்து சேர்ந்தான். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. மேலே கூடு, உள்ளே வெள்ளைத் தூள். அந்த மாதிரி மாத்திரையை ஊரில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சாமி பிரசாதத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நாலு வேளை, வேளைக்கு ஒண்ணு. கோர்ஸ் முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாது. தெரிஞ்சுதா?" என்றார் டாக்டர்.

"ஆவட்டும் சாமி" என்றாள் மணியம்மாள்.

இங்கேதான் வந்தது வினை. டாக்டர்கள் எதையாவது நேராகச் சொல்கிறார்களா? ஜுரத்தை டெம்ப்ரேச்சர் என்பார்கள், மூத்திரத்தை யூரின் என்பார்கள். அதுபோலக் கோர்ஸ் என்பது இந்த விஷ ஜுரத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் என்று மணியம்மாள் எடுத்துக்கொண்டாள். கோர்ஸ் முடியற வரைக்கும் என்றால் ஜுரம் முடியற வரைக்கும். இதில் என்ன சந்தேகம்? கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஊரையே பேசி ஓட்டும் அந்த வாய், டாக்டர் முன்னால் மட்டும் பூட்டிக்கொள்ளும். அவருடைய பூட்ஸைப் பார்த்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாத்திரை வேலை செய்தது. ஐந்தாம் நாள் உடம்பு சில்லிட்டது. டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். அரைவேக்காட்டில் தினம் இரண்டு முட்டை கொடு, ஆள் குச்சியாகிவிட்டான், உடம்பு தேறினால்தான் எழுந்து நடப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறாம் நாளும் ஜுரம் வரவில்லை. ஏழாம் நாள் காலையில் மணியம்மாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைப் புருஷன் தலைக்கு ஊற்றினாள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் சீக்கு வீட்டை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் மருந்து கொடுப்பது போனதைக் கூப்பிட்டு உட்காரவைப்பதுபோல. அவள் பிறந்த ஊரில் அப்படித்தான், வாழவந்த ஊரிலும் அப்படித்தான். இரண்டு பாட்டில் காலியாகியிருந்தது. மூடி திறக்காத மீதி இரண்டு பாட்டிலையும் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். இனி அது யாருக்கும் தேவைப்படக் கூடாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாலு நாள் போனது. நாலு நாளும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பூவராகவன் முட்டை சாப்பிட்டான். சுவரில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தான். ஐந்தாம் நாள் காலையில் கூட்டைத் திறந்தால் ஒரு கோழி வெளியே வரவில்லை. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. கூட்டுக்குள் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினாற்போல எச்சம். மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று தலையைத் தொங்கப்போட்டன.

வெள்ளைக் கழிச்சல். தெருக்கோடியில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் கோழிக்கூடு காலியாகியிருந்தது. ஓரகத்தி லட்சுமியம்மாள், குப்புராஜின் பெண்சாதி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"கெடக்கறத எல்லாம் அறுத்துக் கொழம்பு வெச்சிடு. நாளிக்கு அதுவும் ஒதவாது."

"இன்னாக்கா இப்படிச் சொல்ற? அவருக்கு முட்டைக்கு எங்க போவேன்? டாக்டரு முட்டை குடுத்தாத்தான் எந்திரிப்பாருன்னு சொல்லிட்டுப் போனாரு."

"வாங்கிக்கினு வந்து குடு."

"தெருவுல எந்த ஊட்ல கோழி கீது, வாங்கறதுக்கு?"

சின்ன வெங்காயத்தையும் மிளகையும் மஞ்சளையும் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் திணித்துப் பார்த்தாள். விழுங்கின. விழுங்கிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டன. மணியம்மாள் ஒரு கோழியைத் தூக்கி மடியில் வைத்து இறக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். கொதித்தது. ஜுரம், என்றாள் வாய்விட்டு. கோழி உடம்பு எப்போதும் சூடாகத்தான் இருக்கும் என்பது இருபது வருஷம் கோழி வளர்த்தவளுக்குத் தெரியாதா? தெரியும். பதறிப்போன மனசுக்குத் தெரியவில்லை. ஜுரம், கழிச்சல், தலை நிமிர்த்த முடியாத சோர்வு. போன வாரம் அவரும் இப்படித்தானே கிடந்தார்? சாகக் கிடந்த ஆம்பிளையைத் தூக்கி உட்காரவைத்த மருந்துக்கு ஒரு கோழி எம்மாத்திரம்?

எழுந்து போய் அரிசிப் பானையில் கையை விட்டாள்.

மாத்திரையின் கூட்டைப் பிரித்துத் தூளைக் கேழ்வரகுக் களியில் கொட்டிப் பிசைந்தாள். ஒரு துளி நாக்கில் பட்டது. அப்படி ஒரு கசப்பை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. இந்தக் கசப்பையா அவர் ஒரு முனகலும் இல்லாமல் முழுங்கினார் என்று நினைத்துக்கொண்டாள். கூட்டோடு முழுங்கியவனுக்குக் கசப்பேது என்று அப்போது தோன்றவில்லை. ஒரு மாத்திரையை நாலாகப் பங்குபோட்டு, கோழியைக் கக்கத்தில் இடுக்கி, அலகைப் பிரித்து, உருண்டையை விரலால் தொண்டைவரை தள்ளி, கழுத்தைத் தடவித் தடவி இறக்கினாள். காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். விரலெல்லாம் கொத்துப்பட்டு ரத்தம்.

"முழுங்குடி. நீ பொழைச்சாத்தான் அவரு பொழைப்பாரு. கொஞ்சம் முழுங்குடி கண்ணு."

மறுநாள் ஒரு செவலைக் கோழி நாலு குருணையைப் பொறுக்கித் தின்றது. மணியம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று செத்தன. அதற்கு அடுத்த நாள் செவலையும் கழுத்தைத் திருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி பின்னாலேயே நடந்து விழுந்தது. மிச்சம் இருந்தவற்றுக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்தாள். கால் மாத்திரை அரை மாத்திரையாயிற்று, அரை முழுசாயிற்று. நாலாம் நாள் கடைசி மாத்திரையைக் கணக்கப்புள்ளைக்குக் கொடுத்தாள். அது முழுங்கவும் இல்லை. வாயோரம் களி வழிய, அவள் கையிலேயே தலையைப் போட்டுவிட்டது.

பதினொன்றையும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தாள். காலி பாட்டில் நாலையும் கழுவி மாடத்தில் வரிசையாக வைத்தாள். அழகாக இருந்ததால் எறிய மனசு வரவில்லை. முட்டை எங்கே என்று பூவராகவன் கேட்கவில்லை. அவன்தான் எதையும் கேட்க மாட்டானே. சூடு அதிகம், கோழி அடைகாக்குது என்று அவளாகவே எதையோ சொல்லிவைத்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் விசிறிக்கொண்டிருந்தவள் அவன் நெற்றியில் கை வைத்தாள். கை சுட்டது.

முதலில் வெயில் என்று நினைத்தாள். ராத்திரிக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினான். காலையில் கண் குழிக்குள் போயிருந்தது. அடுத்த நாள் மறுபடியும் பாயைப் பிய்க்க ஆரம்பித்தான். மணியம்மாள் மாடத்தில் இருந்த நாலு பாட்டிலையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒன்றின் அடியில் கொஞ்சம் தூளாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்று விரலை விட்டு வழித்தாள். கழுவிவைத்த பாட்டிலில் என்ன இருக்கும்? பாவி, பாவி என்று தன்னையே அறைந்துகொண்டாள்.

யாரிடம் சொல்வது? குப்புராஜிடமா? தம்பிக்காக மாட்டை விற்ற மனுஷன். கொட்டிலில் ஒற்றை மாடு ஜோடியில்லாமல் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கமே போகாமல் இருந்தான். அவனிடம் போய், உன் மாட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டேன் என்று சொல்வதா? வாயாடி மணியம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். பயந்துபோயிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். வயிற்றைத் தொட்டதுமே அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து மாடத்தைப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டும் உள்ளே போச்சா?"

"போச்சு டாக்டரய்யா. காலி பாட்டிலு தோ கீது பாருங்க" என்றான் குப்புராஜ்.

டாக்டர் பாட்டில்களை எண்ணிப் பார்த்தார். பிறகு குப்புராஜின் தோளில் கை வைத்துத் தணிந்த குரலில் சொன்னார். "அவ்வளவும் சாப்பிட்டும் திரும்பியிருக்குன்னா, அந்த மருந்து இவருக்குப் பிடிக்கலேப்பா. மறுபடியும் போய் அதையே வாங்கிட்டு வான்னு சொல்ல எனக்கு மனசு வரலே. உன்கிட்ட இருக்கறது ஒத்த மாடு. அதையும் இல்லாமப் பண்ணிட்டு நான் என்னத்தைச் சொல்றது? கஞ்சித் தண்ணி குடுங்க. நெத்தியில ஈரத்துணி போடுங்க. கடவுள் விட்ட வழி."

லட்சுமியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். குப்புராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். டாக்டர் பையை மூடினார். பூட்ஸ் போட்ட கால் வாசற்படியைத் தாண்டியது. ஜட்காக்காரன் குதிரையைத் தட்டி எழுப்பினான்.

மணியம்மாள் வாசல்வரை வந்து நின்றாள். சொன்னால் இந்த வீட்டில் இனி அவளுக்கு என்ன மரியாதை? அடித்துத் துரத்தினாலும் கேட்க நாதியில்லை. சொல்லாவிட்டால் இன்றோ நாளையோ அவர் போய்விடுவார். அவளைத் தவிர யாருக்கும் காரணம் தெரியாது. சாகும்வரை தெரியவும் தெரியாது. இதுதான் அவளை உலுக்கிவிட்டது. விழுந்தடித்து ஓடி ஜட்காவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசும் உள்ள போவல சாமி. பாதிதான் அவரு சாப்புட்டாரு."

டாக்டர் இறங்கினார். "மீதி எங்கே?"

"கோழிக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"கோழிக்கு, சாமி. கழிச்சல் வந்திச்சு. அவருக்கு முட்டை வோணுமேன்னு குடுத்தேன். ரெண்டு பாட்டிலும் கோழிக்குத்தான்."

குப்புராஜ் எழுந்து வந்தான். அவன் கை ஓங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அடி விழட்டும் என்று நின்றாள். கை ஏனோ அந்தரத்திலேயே நின்று, பிறகு இறங்கித் தன் தலையிலேயே அடித்துக்கொண்டது.

"ஏம்மா, கோர்ஸ் முடியற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார் டாக்டர்.

"முடிஞ்சிட்டுதே சாமி. நல்லா கையை வெச்சுப் பாத்துட்டு, ஜுரம் போயிடிச்சுன்னு தெரிஞ்சிக்கினு, அப்பால தான தலைக்குத் தண்ணி ஊத்தினேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். கோபம் வந்த முகம் மெல்ல வேறு மாதிரி ஆயிற்று. அந்த வார்த்தையை அவர் எத்தனை ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "என் தப்பும் இருக்கு" என்று முணுமுணுத்தார். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய்ப் பையைத் திறந்து மறுபடியும் நாடி பார்த்தார்.

"குப்புராஜ், இங்கே வா. மருந்து தோக்கலே. இவர் சாப்பிட்டதே பாதிதான். இன்னும் நாலு பாட்டில் வேணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்தாகணும். அதுக்கு மேல வயிறு தாங்காது."

குப்புராஜ் கொட்டிலுக்குப் போனான். ஒற்றை மாட்டை அவிழ்த்தான். அது தெருவில் நடந்துபோகிற மணிச் சத்தம் கேட்டது. லட்சுமியம்மாள் வாசலில் நின்று, "ஆடிப் பட்டத்துக்கு நாம கழுத்துல நுகத்தடி மாட்டிக்கினு உழ வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே மணியம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

பூவராகவன் கண் திறந்திருந்தான். எவ்வளவு கேட்டது, எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. உதடு அசைந்தது. மணியம்மாள் குனிந்து வாயருகில் காதை வைத்தாள்.

"கோழிங்களாவது பொழைச்சிச்சா?"

ஊர் முன்னால் உண்மையைக் கொட்டித் தீர்த்து அரை நாழிகை ஆகவில்லை. மணியம்மாள் அவன் நெற்றியில் இருந்த ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள்.

"பொழைச்சிச்சுங்க. எல்லாம் பொழைச்சிச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இன்னொரு பகலும் அவள் எப்படிக் கழித்தாள் என்பதைக் கேட்காதீர்கள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ரயில் சத்தம் அத்தனை தூரம் கேட்காது என்று தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கொண்டுபோ, அவரை விட்டுடு என்று எல்லாச் சாமியிடமும் பேரம் பேசினாள். சாயங்காலம் வந்தது, குப்புராஜ் வரவில்லை. விளக்கு வைத்த பிறகு, புழுதியும் வேர்வையுமாக ஓடியே வந்தான். நாலு பாட்டிலையும் அவள் கையில் கொடுக்கவில்லை. தன் பெண்சாதி கையில் கொடுத்தான்.

அதற்கப்புறம் பன்னிரண்டு நாளும் வேளை தவறாமல் லட்சுமியம்மாள்தான் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். மணியம்மாள் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். கடைசி மாத்திரை உள்ளே போகும்வரை யாரும் அவன் தலைக்குத் தண்ணீர் காட்டவில்லை. குப்புராஜ் அவளோடு பேசவுமில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஆனி மாதம் பிறந்து ஒரு நாள் காலை, பூவராகவன் யாருக்கும் சொல்லாமல் எழுந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து கொல்லைப்புறம் வந்துவிட்டான். அடுப்படியில் இருந்த மணியம்மாள் பார்த்துவிட்டு ஓடினாள். நிலைப்படிக்கு மேல் அவளால் போக முடியவில்லை. அவன் கூட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒட்டடை. தரையில் ஒரு எச்சம் இல்லை, ஒரு இறகு இல்லை. வேலியோரம் புதிதாக மண் மேடிட்டிருந்த இடத்தையும் அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

மணியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

பூவராகவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்காமல், ஆற்றங்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கோழிங்கல்லாம் மேயப் போய்க்கீது போல."

"ஆமாங்க" என்றாள்.

"வெயிலுக்கு முந்தி போனாத்தான் அதுங்களுக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு, அவள் தோளில் கை வைத்து மெல்ல உள்ளே நடந்தான்.